மாவுக்கட்டுக்குள் குடைக்கம்பி

1983, தை மாதக் கடைசியில் சௌந்திரத்துக்கு இடது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. கோழிக்கொட்டகையில் தண்ணீர்த் தொட்டி வழிந்து தரை பாசி பிடித்துக் கிடந்தது. தீவன வாளியோடு வழுக்கி விழுந்தாள். நாமக்கல் ஆஸ்பத்திரியில் முழங்கைக்குக் கீழிருந்து விரல் கணு வரைக்கும் மாவுக்கட்டுப் போட்டு, ஆறு வாரம் கழித்து வரச்சொன்னார்கள்.

வலியைவிடத் தேதிதான் அவளைப் பயமுறுத்தியது. இன்னும் மூன்று வாரத்தில் கோழிப்பண்ணையாளர் சங்கத்திலிருந்து எட்டுப் பேர் பூனாவுக்குப் போவதாக இருந்தது. அங்கே குஞ்சு பொரிக்கும் பெரிய நிலையங்களையும், கம்பிக்கூண்டில் வரிசையாகக் கோழி வளர்க்கும் புது முறையையும் பார்த்துவர ஏற்பாடு. மெட்ராஸிலிருந்து பம்பாய் வரை விமானம். எட்டுப் பேரில் ஏழு பேர் ஆண்கள். எட்டாவது பெயர் சௌந்திரத்துடையது.

மோகனூர் சாலையோரம் அவர்கள் தோட்டத்தில் ஆயிரத்து ஐந்நூறு கோழிகள் இருந்தன. கரும்பு, மஞ்சள் எல்லாம் கணவன் வேலுமணியின் பொறுப்பு. கோழி முழுக்க அவள் பொறுப்பு. சங்கத்தில் பெயர் கேட்டபோது அவன்தான் அவள் பெயரைக் கொடுத்தான். "தடுப்பூசி போடற நாளே எனக்குத் தெரியாதுங்க. நான் போயி என்னத்தைப் பாக்கறது?" என்று எல்லோர் முன்னாலும் சொன்னான்.

கை உடைந்த பிறகு வீட்டில் பேச்சு மாறியது. மாமியார் பொன்னாத்தாள் சாப்பாடு போடும்போதெல்லாம், "ஒத்தக் கையோட ஒரு பொம்பள ஏரோப்ளேன் ஏறோணுமா? வேலு போயிட்டு வரட்டும்" என்றாள். வேலுமணி ஆமாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தட்டைப் பார்த்துச் சாப்பிட்டான். அவன் அப்படி இருந்தது சௌந்திரத்துக்கு உறுத்தியது.

அதனால் வலியை அவள் வெளியே காட்டவில்லை. வலது கையால் தீவனம் போட்டாள், முட்டை பொறுக்கினாள். ஆனால் அரிப்பைத்தான் தாங்க முடியவில்லை. வியர்வையும் தவிட்டுத் தூசியும் கட்டுக்குள் போய் ஊறல் எடுத்தது. விரலும் உள்ளே நுழையாது. தீவன அறையில் வேலுமணியின் பழைய குடை ஒன்று துணி கிழிந்து தொங்கியது. அதிலிருந்து துருப்பிடித்த கம்பி ஒன்றை ஒடித்துக் கட்டுக்குள் விட்டுச் சொறிந்தாள். அந்தச் சுகத்தில் கண் சொக்கியது. அன்றிலிருந்து கம்பியை முந்தானையில் முடிந்தே வைத்திருந்தாள்.

பயணத்துக்கு நான்கு நாள் முன்னால், சொறிந்துகொண்டிருக்கும்போது கம்பி முறிந்து, நான்கு விரல்கடை நீளத்துக்கு உள்ளேயே தங்கிவிட்டது. கையைத் தலைகீழாகத் தொங்கவிட்டு உதறினாள். வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் கட்டைப் பிரிப்பார்கள், புதுக்கட்டுப் போடுவார்கள், பயணம் கைவிட்டுப் போகும். யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டாள். கையைத் திருப்பும்போதெல்லாம் சுருக்கென்று குத்தியது. அதையும் பொறுத்துக்கொண்டாள்.

வேலுமணி மெட்ராஸ் வரை வந்தான். மீனம்பாக்கத்தில் வழியனுப்ப வந்தவர்கள் நிற்கும் இடத்தில் நின்று, அவள் பையைக் குழுத் தலைவர் சின்னுசாமிக் கவுண்டரிடம் கொடுத்தான். "கூட்டத்துல கையை யாரும் இடிச்சுப்போடாம பாத்துக்கங்க மாமா" என்றான்.

உள்ளே சோதனை நடந்தது. கதவில்லாத நிலை மாதிரி ஒரு சட்டம். ஒவ்வொருவராக அதற்குள் நடந்து போனார்கள். சின்னுசாமிக்கு இடுப்புச் சாவிக்கொத்தால் மணி அடித்தது. அதை எடுத்து வைத்ததும் விட்டுவிட்டார்கள். சௌந்திரம் நடந்தபோதும் அடித்தது. பெண்களுக்கென்று திரை போட்டிருந்த மறைப்புக்குள் அவளை அனுப்பினார்கள். அங்கே ஒரு பெண் போலீஸ் கரண்டி மாதிரி ஒரு கருவியை அவள் உடம்பில் தடவிப் பார்த்தாள். தாலிக்கொடியிடம் கத்தியது. வளையலிடம் கத்தியது.

"இதெல்லாம் சரிம்மா" என்றவள் மாவுக்கட்டின் மேல் கருவியை வைத்தாள். மணிக்கட்டுக்குப் பக்கத்தில் அது விடாமல் கத்தியது. "மாவுக்கு இது கத்தாதே. உள்ள என்ன இருக்கு?"

"டாக்டரு கம்பி வெச்சுக் கட்டியிருக்காருங்க."

வாய் தவறி வந்த பொய் இல்லை. நான்கு நாளாக யோசித்து வைத்திருந்த பதில். போலீஸ்காரி டாக்டர் சீட்டைக் கேட்டு வாங்கிப் படித்தாள். கம்பி வைத்ததாக அதில் ஒரு எழுத்தும் இல்லை. அவள் வெளியே போய் இன்ஸ்பெக்டரை அழைத்து வந்தாள்.

அவர் சத்தம் போடவில்லை. "உள்ள இருக்கறது என்னன்னு தெரியாம உங்களை ஏத்த முடியாதும்மா. கட்டைப் பிரிக்கணும். இல்லேன்னா ஆஸ்பத்திரியில காட்டி எழுதி வாங்கிட்டு அடுத்த ப்ளேன்ல போங்க. கூட யார் வந்திருக்காங்க?"

சின்னுசாமி ஓடிப்போய் வேலுமணியைக் கூட்டிவந்தார். டாக்டர் கம்பி வைத்ததாக அவள் சொன்னதை இன்ஸ்பெக்டர் சொன்னபோது, ஒன்றும் புரியாமல் அவன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "என்ன புள்ள? கட்டுல கம்பியே வெக்கலியே?"

இனி மறைத்துப் பயனில்லை என்று சௌந்திரத்துக்குத் தெரிந்தது. இன்ஸ்பெக்டரைப் பார்த்தே சொன்னாள். "குடைக்கம்பிங்க. அரிப்புத் தாங்காம உள்ள உட்டுச் சொறிஞ்சேன். முறிஞ்சு உள்ளயே நின்னுபோச்சுங்க."

பெண் போலீஸ் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. இன்ஸ்பெக்டர் மட்டும் சிரிக்காமல் விமான நிலைய டாக்டருக்கு ஆள் அனுப்பினார்.

டாக்டர் வரும்வரை பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். வேலுமணி அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எத்தன நாளாச்சு?"

"நாலு நாளுங்க."

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா என்னைய நிறுத்திப்போட்டு நீங்க போயிருப்பீங்க."

"எனக்கும் ஏறிப் பாக்கோணும்னு ஆசைதான். பேரைக் குடுத்துட்டு வந்த அன்னிக்கே நெனச்சேன், அட, நம்மளே போயிருக்கலாமேன்னு" என்றான். பிறகு, "அதுக்காவ உன்னைய நிறுத்துவனா?" என்றான்.

"அத்தை சொல்றப்ப நீங்க ஒண்ணுமே பேசலீங்களே."

"ஆமா. பேசலை. தப்புத்தான்."

அவன் தப்பு என்று சொல்லி அவள் கேட்டதே குறைவு. "கை வலிக்குதுங்க" என்றாள். முதல்முறையாக அதையும் சொன்னாள்.

டாக்டர் இளைஞர். ஒரு சிறிய பெட்டியோடு வந்தார். கட்டு முழுவதையும் பிரிக்க வேண்டியதில்லை என்றார். உள்ளங்கைப் பக்கம் கட்டின் ஓரத்தை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி எடுத்து, நீளமான இடுக்கியை உள்ளே விட்டார். சௌந்திரம் பல்லைக் கடித்துக்கொண்டாள். வேலுமணி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். முதலில் ஒரு கோழி இறகு வந்தது. அப்புறம் இரண்டு மக்காச்சோளக் குருணை. மூன்றாவது முறை கம்பி வந்தது. அதை ஒரு தட்டில் வைத்தபோது இன்ஸ்பெக்டரும் சிரித்துவிட்டார்.

"இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா சீழ் வெச்சிருக்கும்" என்று டாக்டர் புண்ணில் மருந்து தடவி, பஞ்சு வைத்து, ஓரத்தைத் துணியால் சுற்றினார். துருக்கம்பி குத்தியதற்கு டி.டி. ஊசி ஒன்றும் போட்டார். "பூனாவில ஒரு ஆஸ்பத்திரியில காட்டிடுங்க. அரிச்சா மேல தட்டுங்க. எதையும் உள்ள விடாதீங்க."

பெண் போலீஸ் மறுபடி கருவியை வைத்துப் பார்த்தாள். கட்டின் மேல் அது ஊமையாக இருந்தது. "போயிட்டு வாங்கம்மா. எத்தனையோ பேரைச் சோதிச்சிருக்கேன், கோழி இறகு வந்தது உங்ககிட்டதான்" என்றாள்.

விமானத்துக்குக் கடைசி அழைப்பு வந்துகொண்டிருந்தது. மற்ற ஆறு பேரும் போகாமல் வாசலிலேயே நின்றிருந்தார்கள். சௌந்திரம் திரும்பிப் பார்த்தாள். வேலுமணி போ போ என்று கையைக் காட்டினான்.

உள்ளே ஜன்னல் பக்கத்து இடத்தைச் சின்னுசாமி அவளுக்கு விட்டுக்கொடுத்தார். தனக்குக் கீழே பார்த்தால் தலைசுற்றும் என்றார். விமானம் எழும்பியபோது அவள் வலது கையால் இருக்கையைப் பற்றிக்கொண்டாள், பிறகு விட்டுவிட்டாள். சாப்பாட்டுத் தட்டில் எல்லாமே உறைக்குள் இருந்தன. ஒரு கையால் பிரிக்க முடியவில்லை. ஒருவர் வெண்ணெயைப் பிரித்தார், ஒருவர் ரொட்டியைப் பிரித்தார். பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து வந்து சர்க்கரை உறையைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். அவித்த முட்டையை அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நம்மளுது இதைவிடப் பெருசுங்க" என்றாள். சின்னுசாமி ஒத்துக்கொண்டார்.

பூனாவில் மூன்று நாள். கூண்டுக் கொட்டகையில் எச்சத்தை எப்படி அள்ளுகிறார்கள், வெயில் காலத்தில் கூரைக்கு என்ன செய்கிறார்கள், ஒரு கூண்டுக்கு எத்தனை கோழி என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். மொழிபெயர்த்தவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. நோட்டில் அவள் வரைந்த கூண்டுப் படத்தை மற்றவர்களும் பார்த்து வரைந்துகொண்டார்கள். இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் கையைக் காட்டினாள். புண் காய்ந்துவருகிறது என்றார்கள்.

அன்று மாலை ஊரிலிருந்த சங்க ஆபீசுக்கு ஆபரேட்டர் மூலம் டிரங்க் கால் போட்டாள். சொல்லிவைத்தபடி வேலுமணி அங்கே வந்து காத்திருந்தான்.

"கை எப்படி இருக்குது?"

"தேவலைங்க. கோழிங்க எப்படி?"

"எல்லாம் தீனி எடுக்குது. தடுப்பூசி நாளைக்கழிச்சுத்தானே? நோட்டுல பாத்துட்டேன். அங்க கூண்டு எல்லாம் பாத்தயா?"

கூண்டைப் பற்றிச் சொல்ல அவளிடம் ஒரு நோட்டு நிறைய இருந்தது. ஆனாலும் அவள் அதை எடுக்கவில்லை. விமானம் ஓடும்போது எப்படி அதிர்ந்தது, காது எப்போது அடைத்துக்கொண்டது, மேகம் ஜன்னலுக்குக் கீழே சுண்ணாம்புக் கரைசல் மாதிரி பரந்து கிடந்தது, தரையில் ஆறு எவ்வளவு ஒல்லியாகத் தெரிந்தது, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். வேலுமணி இடையிடையே, "மேகத்துக்குள்ள போறப்ப இருட்டுமா?", "எறங்கறப்ப பயமா இருந்துதா?" என்று கேட்டான். மூன்று நிமிடம் முடிந்தது என்று ஆபரேட்டர் குறுக்கே வந்தாள்.

"இன்னொரு மூணு நிமிசம் குடுங்க" என்றாள் சௌந்திரம்.