ஏதாவது ஒரு நம்பர்

பேனரைச் சுவரில் ஏற்றி நான்கு மூலையிலும் ஆணி அடித்து முடித்த பிறகுதான் தலைமையாசிரியைக்கு அந்தச் சந்தேகம் வந்தது. ஆறடி உயரப் பேனர். நடுவில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, முன்பற்கள் இரண்டும் விழுந்த வாயை அகலத் திறந்து சிரிக்கும் ஒரு சிறுமி. அவளுக்கு மேலே ‘எல்லோருக்கும் இங்கே இடமுண்டு’ என்று என் தலையளவு எழுத்துகள்.

“இந்தக் குழந்தையோட சம்மதப் படிவம் ஃபைல்ல இருக்கில்ல?” என்று என்னைக் கேட்டார்.

இல்லை. இருக்க வழியுமில்லை. அந்தச் சிறுமி எங்கள் பள்ளியில் படிக்கவில்லை. நாங்கள்தான் வேண்டாம் என்று அனுப்பிவிட்டோம்.

இரண்டு மாதத்துக்கு முன் புதிய பிள்ளைகளுக்கு அறிமுக நாள் என்று ஒன்று நடத்தினோம். கீழே பெரிய கூடத்தில் விளையாட்டு, பலூன், போட்டோ. அந்தப் பெண் உட்கார்ந்த இடத்திலிருந்தே கூடைக்குள் ஒன்பது பந்து போட்டாள். ஓடியாடிய பிள்ளைகளில் ஒன்றுகூட ஐந்தைத் தாண்டவில்லை. அந்தச் சந்தோஷத்தில் சிரித்த சிரிப்புதான் பேனரில் இருப்பது. அடுத்த வாரம் சமத்துவக் குழு கூடியது. ‘குழந்தையின் நலனைக் கருதி, தகுந்த வசதியுள்ள வேறு பள்ளியை நாடுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்’ என்று கடிதம் போனது. அதைத் தட்டச்சு அடித்தவள் நான். இந்த அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக எழுத்தர் வேலை பார்க்கிறேன். கடிதத்தில் ‘அன்புடன்’ என்ற வார்த்தை மட்டும் என் சொந்தச் சரக்கு.

சமத்துவக் குழுவில் எனக்கும் ஓர் இடம் உண்டு, ஊழியர் பிரதிநிதி என்று. பிஸ்கட்டைத் தட்டில் அடுக்கிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒரு மூலையில் உட்கார்ந்து குறிப்பு எழுத வேண்டும், அவ்வளவுதான். ஒன்றாம் வகுப்பு மாடியில் இருக்கிறது, படிகள் அதிகம், கீழ்த்தளத்தில் காலியாக அறை இல்லை என்று அன்றைக்கு எழுதிக்கொண்டேன். எழுதும்போது நாங்கள் உட்கார்ந்திருந்தது கீழ்த்தளத்து அறையில். மாதத்துக்கு ஒரு தடவை ஒரு மணி நேரம் கூடுவதற்காகப் பூட்டியே கிடக்கும் அறை. உள்ளே மெத்தென்று ஒரு சோபா, கண்ணாடி மேசை, சுவர் நிறைய ஏழு வண்ணத்தில் உள்ளங்கை அச்சுகள். பார்க்க வருகிறவர்கள் அந்தக் கைகளின் முன் நின்று நெகிழ்ந்துபோவார்கள். பிள்ளைகள் பெயின்ட்டைக் கொட்டிவிடுவார்கள் என்று ஓவிய ஆசிரியர் தன் கை ஒன்றையே ஏழு டப்பாவிலும் முக்கி முக்கிப் பதித்தது எனக்குத் தெரியும். ‘ஆளுக்கொரு கை, அனைவரும் சமம்’ என்று கீழே எழுதியதும் அவரேதான்.

தலைமையாசிரியைக்கு நாங்கள் வைத்த பெயர் மைக்கம்மா. புடவையில் செருகிக்கொள்ளும் மைக் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். அதை மாட்டினால் குரலில் தேன் ஒழுகும், கழற்றினால் நின்றுவிடும். வெள்ளிக்கிழமை ‘சமத்துவப் பள்ளி’ சான்றிதழுக்கு ஆய்வு. படம் போட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோரின் சம்மதப் படிவம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வேறு படத்தை மாற்றிவிடலாமே என்றேன்.

“இந்த மாதிரி படம் கிடைக்காது. பார்த்ததும் மனசு உருகுது பாருங்க. நீங்களே நேர்ல போய்க் கையெழுத்து வாங்கிட்டு வந்துடுங்க.”

அவர் மனசு நன்றாகவே உருகும். ஆளை உள்ளே விடுவதற்குத்தான் அதற்கு வழி தெரியாது.

அந்தப் பெண்ணின் அம்மா தையல்காரி. முன்னறையிலேயே இயந்திரம், தரையெல்லாம் துணித் துண்டுகள். நான் போனபோது சிறுமி கட்டிலில் சாய்ந்துகொண்டு பொத்தான்களை எண்ணி எண்ணி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் சுவர் ஆணியில் ஒரு சின்னச் சீருடை தொங்கியது. நீலக் கட்டம், எங்கள் பள்ளியுடையது. கடிதம் வருவதற்கு முன்பே தைத்திருக்க வேண்டும்.

வந்த விஷயத்தைச் சொன்னேன். அம்மா இயந்திரத்தை நிறுத்தினாள்.

“படம் வேணும். அவ வேணாம்.”

“மேடம் அனுப்பினாங்க” என்றேன். அந்த இடத்தில் என்னைப் பார்க்க எனக்கே சகிக்கவில்லை.

அவள் படிவத்தைக் கடைசி வரி வரை படித்தாள். இத்தனை வருடத்தில் அப்படிப் படித்த பெற்றோரை நான் பார்த்ததில்லை. பிறகு திருப்பி நீட்டினாள். “வகுப்பு, சேர்க்கை எண்ணுன்னு ரெண்டு கட்டம் காலியா இருக்கே. அதை எழுதிக் கொண்டு வாங்க. நான் கையெழுத்துப் போடறேன். இது மூணாவது ஸ்கூல் மேடம். இன்னொரு வாசல்ல போய் நிக்க என்னால முடியாது.”

நான் செருப்பை மாட்டும்போது சிறுமி கேட்டாள். “ஆன்ட்டி, உங்க ஸ்கூல்ல நிறைய படியாமே. எத்தனை?”

இருபத்திரண்டு வருடம் ஏறி இறங்கியிருக்கிறேன். தெரியவில்லை. குழுவிலும் ஒருத்தரும் எண்ணிப் பார்த்ததில்லை.

மறுநாள் காலை மைக்கம்மாவிடம் போய்ச் சேர்க்கை எண் கேட்கிறார்கள் என்றேன். அவர் கூடத்தில் பூந்தொட்டிகளை இடம் மாற்றிக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“ஏதாவது ஒரு நம்பரைப் போட்டுக் கொடுங்க. இதுக்கெல்லாமா என்கிட்ட வரணும்?”

சேர்க்கைப் பதிவேட்டில் ஏதாவது ஒரு நம்பர் என்று ஒன்று கிடையாது. கடைசி எண்ணுக்கு அடுத்த எண்தான் உண்டு. மையில் எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது. அடித்தால் ஏன் அடித்தோம் என்று கல்வி அலுவலகத்துக்கு விளக்கம் எழுத வேண்டும். நான் பதிவேட்டைத் திறந்தேன். 2316. பெயர், பிறந்த தேதி, பெற்றோர், ஒன்றாம் வகுப்பு எல்லாவற்றையும் நிதானமாக எழுதினேன். இரக்கத்தில் செய்தேன் என்று சொன்னால் பொய். பாதி, மைக்கம்மாவின் மேல் இருந்த வயிற்றெரிச்சல். மீதி, அந்த ‘அன்புடன்’ இரண்டு மாதமாகத் தொண்டையில் முள்ளாக நின்றது. ஆய்வுக்கான நாற்பது காகிதங்களோடு பதிவேட்டையும் படிவத்தையும் கொண்டுபோய் வைத்தேன். போனில் யாரிடமோ சமத்துவத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே அவர் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டார்.

அன்று மாலை தையல்காரி எண்ணை விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டாள். வெள்ளிக்கிழமை எட்டே முக்காலுக்கு முதல் மணி அடிக்கும் என்றேன்.

“படிக்கு என்ன பண்ணுவீங்க?”

“தெரியலைங்க” என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆய்வுக்கு வந்த அதிகாரி ரப்பர் செருப்பு போட்ட ஓர் அம்மாள். பூங்கொத்தை வாங்கி நாற்காலியில் வைத்துவிட்டுப் பதிவேட்டைத்தான் முதலில் கேட்டார். கடைசி வரியையும் சம்மதப் படிவத்தையும் ஒப்பிட்டுவிட்டுப் பேனரை நிமிர்ந்து பார்த்தார்.

“இந்தக் குழந்தை இங்க ஒண்ணாம் வகுப்பா?”

“ஆமாம் மேடம்” என்றார் மைக்கம்மா, மைக்கிலேயே. “எங்க பெருமையே அவதான்.”

“சந்தோஷம். அவளைப் பார்க்கணுமே. எந்த அறை?”

மைக்கம்மா என்னைப் பார்த்தார். எண் உண்மையானது என்று அவருக்கு அந்த நொடியில்தான் புரிந்திருக்க வேண்டும். சிரிப்பு மட்டும் போட்டோவில் மாட்டிக்கொண்டதுபோல முகத்தில் அப்படியே நின்றது. இன்று மாலைக்குள் என் வேலை போய்விடும் என்று நினைத்துக்கொண்டேன். கீழ்த்தளத்துக் குழு அறைச் சாவி என் கைக்குள் இருந்தது. காலையில் எதற்காக எடுத்தேன் என்று எனக்கே நிச்சயமில்லை.

மணி அடித்தது. விருந்தினர் காருக்காக அகலத் திறந்து வைத்திருந்த கேட் வழியாக நீலக் கட்டச் சீருடையில் சக்கர நாற்காலி உள்ளே வந்தது. அம்மா அதைத் தள்ளிக்கொண்டு வந்து மாடிப்படியின் அடியில் நிறுத்தினாள். யாரையும் பார்த்து வணக்கம் சொல்லவில்லை.

சிறுமி பேனரைப் பார்த்தாள். “அது பழைய போட்டோ” என்றாள். “எனக்கு ஒரு பல்லு வந்துடுச்சு.” உதட்டைத் தூக்கி, பாதி முளைத்த பல்லை அதிகாரிக்குக் காட்டினாள். பிறகு மாடிப்படியைப் பார்த்தாள். விரலை நீட்டி, கீழ்ப்படியிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.

பக்கத்தில் நின்ற மைக்கம்மாவின் புடவையில் மைக் அணைக்கப்படாமல் இருந்தது. நான்கு, ஐந்து, ஆறு என்று அவள் குரல் கூடத்து ஒலிபெருக்கியில் கேட்டது. வராந்தாவில் கேட்டது. மாடியில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து கைப்பிடிக் கம்பிகளுக்கு இடையில் முகத்தை வைத்துக் கீழே பார்த்தார்கள். யாரோ ஒரு பிள்ளை அவளோடு சேர்ந்து எண்ணத் தொடங்கியது. அதிகாரி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் சாவியை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணு என்றாள் அவள். இன்னும் படிகள் இருந்தன.