வாசம் போகும் வரை

எங்கள் மை அறையில் மூன்று பேர் வேலை செய்கிறோம். மூன்று பேருக்கும் மூக்கு வேலை செய்வதில்லை. அது எனக்குத் தெரியவந்த விதத்தை யாரிடமாவது சொல்லித் தொலைத்தால்தான் நெஞ்சு கொஞ்சம் ஆறும் போலிருக்கிறது.

நாங்கள் காய்ச்சுவது வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கும் மை. மெல்லிய பிளாஸ்டிக் சுருளில் தடவிக் காயவைத்தால் சூரியத் தகடு தயார். முன்பெல்லாம் இந்த மையில் கரைப்பான் என்ற பெயரில் குளோரோஃபார்மையும் அதன் பங்காளிகளையும் லிட்டர் லிட்டராக ஊற்றுவார்கள். மை தடவும் கூடத்தில் நிற்பவர்களுக்குச் சாயங்காலமானால் தலை கிறுகிறுக்கும். அதை ஒழித்துக்கட்டி, தண்ணீரில் மை செய்யத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். பாலிமரைக் கொஞ்சம் குளோரோஃபார்மில் கரைத்து, சோப்பு கலந்த தண்ணீரில் விட்டு, அதிர்வுக் கருவியால் கலக்கு கலக்கென்று கலக்கினால் கண்ணுக்குத் தெரியாத துளிகளாக உடையும். பிறகு சூடாக்கினால் குளோரோஃபார்ம் ஆவியாகிப் போய்விடும், தண்ணீரில் மிதக்கும் பாலிமர் துகள்கள் மட்டும் மிஞ்சும். பார்க்க, நீலத் துணி அலசிய தண்ணீர் மாதிரி இருக்கும்.

ஆறு மணி நேரம் சூடாக்க வேண்டும் என்று ஏட்டில் எழுதியிருந்தது. எங்கள் அறை வழக்கம் வேறு. குளோரோஃபார்முக்கு ஒரு தித்திப்பான வாசம் உண்டு. அந்த வாசம் போனதும் இறக்கிவிடுவோம். ஆளுக்கொரு தடவை குடுவையின் வாயருகே மூக்கைக் கொண்டுபோவோம். வாசம் இல்லை என்று மூன்று தலையும் ஆடினால் மை பதம் வந்துவிட்டது என்று பொருள். இதில் எங்களுக்குக் கர்வம் வேறு. புதிதாக வரும் அதிகாரிகளிடம், "எங்க மூக்குதான் சார் இங்க கருவி" என்று சொல்லிக்கொள்வோம்.

ஒரு நாள் மூன்றரை மணி நேரத்திலேயே மூன்று தலையும் ஆடிவிட்டது. அந்த மையைத் தடவிப் பார்த்தால், விழுந்த வெயிலில் ஒன்பது சதவீதம் மின்சாரமாக மாறியது. அதுவரை நாங்கள் ஐந்தைத் தாண்டியதில்லை.

எங்கள் பிரிவுத் தலைவருக்குச் 'சதவீதம்' என்று பெயர் வைத்தவன் நான். குழந்தை பிறந்திருக்கிறது என்று போய்ச் சொன்னாலும், எத்தனை சதவீதம் என்று கேட்கக்கூடிய மனிதர். அன்றைக்கு அவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஏட்டில் ஆறை அடித்துவிட்டு மூன்றரை என்று எழுதி, பக்கத்தில் நானே கையெழுத்துப் போட்டேன். பெருமையில் தரையில் கால் படவில்லை எனக்கு.

அந்த மை போய்ச் சேர்ந்த பூச்சுக் கூடத்தில், சுருள் இயந்திரத்தின் முன்னால் நிற்பவள் என் தங்கை. இரண்டு முறை கரு தங்காமல் போனவள். "அந்தக் காத்துல நிக்காதீங்கம்மா" என்று டாக்டர் கண்டித்திருந்தார். மூன்றாம் முறை நாள் தள்ளிப்போனதுமே பேக்கிங் பகுதிக்கு மாற்றல் கேட்டு எழுதி வைத்திருந்தாள். நான்தான் ஓடிப்போய்ச் சொன்னேன்: "இனிமே உனக்கு என்ன பயம்? எல்லாம் தண்ணி. உங்க அண்ணன் கையால காய்ச்சினது." அவள் சிரித்துக்கொண்டே கடிதத்தைக் கிழித்துப் போட்டாள். கிழிந்த துண்டுகளை நான்தான் பொறுக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டேன்.

தண்ணீர் மைக்கு எதற்குப் புகைபோக்கி? கூடத்தில் மேலே தொங்கிய உறிஞ்சு குழாய்களைக் கழற்றினார்கள். அந்த இடத்தில் இரண்டாவது இயந்திரத்தை இறக்கினார்கள். முகமூடிகளையும் எண்ணித் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

இரண்டாவது வாரம் சாப்பாட்டு இடைவேளையில் தங்கை என் எதிரே வந்து உட்கார்ந்தாள். டப்பாவைத் திறக்கவில்லை.

"அண்ணா, உன் தண்ணி இனிப்பா வாசம் அடிக்குது."

"உனக்கு மசக்கை. குளிக்கிற சோப்பே நாறுதுன்னு தூக்கி எறிஞ்சியாமே, மாப்பிள்ளை புலம்பினார்."

"சோப்பு வேற, இது வேற. பழைய மை வாசம் எனக்குத் தெரியாதா? முன்னாடி ரெண்டு தடவையும் இதே வாசத்துலதானே நின்னேன்."

எனக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் மேஜையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது. அவள் மறுபடி மாற்றல் கேட்டுப் போனபோது கூடத்து மேற்பார்வையாளர், "தண்ணிக்குப் பயந்து மாத்தல் கேக்குற மொத ஆள் நீதாம்மா" என்று சொல்லியனுப்பினாராம். பேக்கிங்கில் அவளுக்கு வைத்திருந்த இடத்துக்கு ஏற்கெனவே வேறு ஆள் வந்தாயிற்று.

மறுநாள் அவள் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டே வாந்தி எடுத்தாள் என்று கேள்விப்பட்டேன். மசக்கை என்றால் வாந்தி வராதா என்று மனதைச் சமாதானப்படுத்திப் பார்த்தேன், அது சமாதானமாகவில்லை. ஒரு சின்னக் குப்பியில் மையை எடுத்து மூடி, ஆய்வறையில் வேலை செய்யும் ஒரு அம்மாவிடம் கொண்டுபோனேன். அந்த அம்மா யாரோடும் அதிகம் பேசாதவர். கருவியில் ஏற்றிப் பார்த்துவிட்டுத் தாளை என் பக்கம் திருப்பினார். தட்டையான கோட்டின் நடுவில் தென்னை மரம் போல ஒரு கூர்.

"குளோரோஃபார்ம். ஒன்றரை சதவீதம் இருக்கு. உங்க ரூம்ல யாருக்குமே வாசம் தெரியலையா?"

"இல்லைங்க."

"எத்தனை வருஷமா அங்க இருக்கீங்க?"

"ஏழு."

"அப்ப தெரியாது" என்றார்.

ஒன்பது சதவீதத்தின் ரகசியமும் அதே தாளில்தான் இருந்தது. போகாமல் தங்கிய குளோரோஃபார்ம் துகள்களை இளக வைத்திருக்கிறது. இளகிய துகள்கள் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டி நல்ல படலமாகியிருக்கின்றன. நான் சாதனை என்று நினைத்தது, பாதியில் இறக்கிய குடுவையைத்தான். கண்டுபிடிப்பாவது மண்ணாங்கட்டியாவது!

தாளை எடுத்துக்கொண்டு சதவீதத்தின் முன்னால் போய் நின்றேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"எத்தனை?"

"ஒன்றரை சதவீதம் சார்."

"அவ்வளவுதானா? மீதி தொண்ணூத்தெட்டரை தண்ணிதானேப்பா!"

"தண்ணியும் துகளும் சார். கூடத்துல குழாய் இல்ல, முகமூடி இல்ல. நாள் பூரா அந்தக் காத்துலதான் நிக்கிறாங்க. என் தங்கச்சி மாசமா இருக்கா."

அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரச் சொன்னார்.

"வெள்ளிக்கிழமை வாங்குறவங்க வர்றாங்க. ஆறு மணி நேரம் காய்ச்சி ஒன்பது கொண்டு வா, நானே ஏட்டுல மாத்தித் தர்றேன். குழாய மாட்டணும்னா ரெண்டாவது மெஷின எடுக்கணும். அது என் கையில இல்லப்பா."

"தங்கச்சிய மட்டுமாவது மாத்துங்க சார்."

"கூடத்து ஆளுங்களை மாத்துறது என் அதிகாரத்துல வராது. கேட்டுப் பார்க்கிறேன்."

கேட்டும் பார்த்தார். மை பாதுகாப்பானது என்று சான்று இருக்கும்போது மாற்றலுக்குக் காரணமாக என்ன எழுதுவது என்று மேலிடத்தில் திருப்பிக் கேட்டார்களாம். அந்தச் சான்றுக்கு அடிப்படை என் கையெழுத்து. மூன்றரை மணி நேரம், அதன் பக்கத்தில் நான் போட்ட அதே கையெழுத்து.

அடுத்த மூன்று நாள் பேய் பிடித்தவன் மாதிரி காய்ச்சினேன். ஆறு மணி நேரம் சூடாக்கினால் கருவியில் கூர் காணாமல் போனது, ஆனால் துகள்கள் மணல் மாதிரி உதிரியாகக் காய்ந்து ஐந்து சதவீதமே காட்டியது. சோப்பைக் குறைத்தேன், துகள்கள் திரிந்து அடியில் தங்கின. சோப்பைக் கூட்டினேன், மூன்றுக்கு இறங்கியது. வியாழன் மத்தியானம் கையில் இருந்த பாலிமர் தீர்ந்தது. ஒவ்வொரு குடுவையையும் பழக்கதோஷத்தில் முகர்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நல்லதற்கும் கெட்டதற்கும் ஒரே வாசம், அதாவது ஒன்றுமே இல்லை.

வெளியே போய் என் பணத்தில் ஒரு முகமூடி வாங்கிவந்தேன், இரண்டு பக்கமும் கரி டப்பி வைத்தது. அதையும் ஆய்வுத் தாளையும் எடுத்துக்கொண்டு கூடத்து வாசலில் காத்திருந்தேன். தேநீர் இடைவேளைக்கு வெளியே வந்த தங்கையின் முகத்தில் பல நாட்களுக்குப் பிறகு ஒரு தெளிவு இருந்தது.

"அண்ணா! சரி பண்ணிட்டே போல!"

"என்னது?"

"நேத்துல இருந்து வாசமே இல்ல. இன்னைக்குச் சுத்தமா இல்ல. நான் சொன்னத நம்பி மூணு நாளா சோறு தண்ணி இல்லாம காய்ச்சினியாமே. உன் ரூம் ஆளுங்க சொன்னாங்க."

"நான் ஒண்ணும் சரி பண்ணல. மை மாறவே இல்ல. அதே பழைய மைதான் ஓடுது. உன் மூக்குக்குப் பழகிடுச்சு, அவ்வளவுதான். இந்தா, இதப் பாரு, குளோரோஃபார்ம்."

தாளை வாங்கி ஒரு தரம் பார்த்துவிட்டு மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்தாள்.

"இது நாலு நாளைக்கு முந்தின தாளு. அப்ப வாசம் இருந்துச்சு, நான்தான் சொன்னேனே. எனக்கே வாசம் வரலைன்னா அப்புறம் எங்க இருந்து வரும்? உனக்கு எப்பவுமே எல்லாத்துக்கும் பயம்."

"சரி, எனக்காக இந்த முகமூடியாவது போட்டுக்கோ. கெஞ்சிக் கேக்குறேன்."

"நான் ஒருத்தி மட்டும் போட்டா எல்லாரும் சிரிப்பாங்க. மூச்சு வேற முட்டும்." அதை என் கையில் திருப்பி வைத்துவிட்டு, மேலங்கிப் பையிலிருந்து மை நிறைந்த மாதிரிக் குப்பியை எடுத்தாள். மூடியைத் திறந்து ஆழமாக இழுத்து முகர்ந்தாள். தடுக்க நீட்டிய என் கையைத் தட்டிவிட்டு, குப்பியை என் மூக்குக்கு நேரே பிடித்தாள்.

"நீயே பாரு. ஏதாவது வருதா?"

முகர்ந்தேன். உயிரைக் கொடுத்து முகர்ந்தேன். வருகிறது என்று பொய்யாவது சொல்லியிருக்கலாம். ஏழு வருடப் பழக்கம், தலை தானாக இல்லை என்று ஆடிவிட்டது.

"அதான் சொல்றேன்" என்றாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. இடைவேளை முடிந்த மணி அடித்தது. ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.