எடுத்துக்கொள்ளப்படுகிறவள்

“ரெண்டு பேரு மாவு அரைக்கையில ஒருத்திய மட்டும் ஆண்டவர் எடுத்துட்டுப் போயிட்டாருன்னா, மிச்ச மாவ யாருட்டி அரைப்பா?”

சேசம்மாள் அத்தை ஒருமுறை இப்படிக் கேட்டாள். ஜோஸ்பினுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பயம் வந்தது.

தாராவியில் அந்தச் சந்து முழுவதும் இவர்கள் இருவரும் அரைக்கும் மாவில்தான் இட்லி வேகும். தாயில்லாத ஜோஸ்பினை வளர்த்தவள் அத்தை. அவள் மாதா கோயிலுக்குப் போகிறவள். ஜோஸ்பினோ பாண்டுப்பிலிருந்து வரும் பாஸ்டர் சாஜனின் ஜெபக்கூட்டத்தில் சேர்ந்து, வருகிற ஞாயிறு முழுக்கு ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுத்திருந்தாள். கர்த்தர் திடீரென்று வந்து தம்முடையவர்களை எடுத்துக்கொள்வார், மற்றவர்கள் கைவிடப்படுவார்கள் என்று பாஸ்டர் சொல்லியிருந்தார். முழுக்கு எடுக்காத அத்தை எந்தப் பக்கம்? அத்தை இல்லாத பரலோகத்தை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

இரண்டு பெண்கள் மாவு அரைக்கும் அந்த வேதப் பகுதியையே திரும்பத் திரும்ப வாசித்தாள். அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். மெதுவாக வாசித்ததாலோ என்னவோ, மேலே இருந்த வரிகளும் கண்ணில் பட்டன. நோவாவின் காலத்தில் நடந்ததுபோல் நடக்குமாம். அப்போது வெள்ளம் வாரிக்கொண்டு போனது கெட்டவர்களை. மிஞ்சியது நோவா குடும்பம். அப்படியானால் போவது நல்லதா, மிஞ்சுவது நல்லதா?

பாஸ்டர் இவர்கள் வீட்டுக்கு ஜெபிக்க வந்த அன்று, கிளம்பப் பார்த்தவரை அத்தை விடவில்லை.

“டீயக் குடிச்சிட்டுப் போங்க. அதுக்குள்ள ஆண்டவர் வந்துர மாட்டாரு.”

பாஸ்டர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். ஜோஸ்பின் தயங்கித் தயங்கித் தன் சந்தேகத்தைக் கேட்டாள்.

“அது வேற எடுக்கறதும்மா, இது வேற எடுக்கறது.”

“ரெண்டும் ஒரே பக்கத்துலதான இருக்கு, பாஸ்டர்?”

அவர் வேதத்தைத் திறந்தார். விரல் கீழே போயிற்று, மேலே வந்தது.

“எங்களுக்கு இப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க. நான் திருப்பிக் கேட்டதில்ல.”

ஜோஸ்பினுக்கு நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியதுபோல் இருந்தது. “அத்த, கேட்டியா? அப்ப மிஞ்சுறவங்கதான் நல்லவங்க. தண்ணி எடுத்துட்டுப் போனவங்கதான் பாவிங்க!”

அத்தையின் முகம் மாறியது.

சொன்ன பிறகுதான் ஜோஸ்பினுக்கு உறைத்தது. முன்பொரு வருஷம் ஊரையே மூழ்கடித்த பெரிய மழையில் சாக்கடையோடு போனவர் அத்தையின் புருஷன் சந்தியாகு. அவர் செத்துப்போனார் என்று அந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. ‘தண்ணி எடுத்துட்டுப் போயிட்டு’ என்றுதான் சொல்வார்கள்.

“ஐயோ, நான் மாமாவச் சொல்லல அத்த... அது வேற...”

பாஸ்டரைப் பார்த்தாள். அவர் வேதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தை டீ டம்ளரைத் தரையில் வைத்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, செருப்பைக்கூடப் போடாமல் சந்தில் இறங்கிப் போனாள்.