கொதிக்கும்போது உடைவது

றமீஸ் சேரின் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. பிழைவிட்டவர் சரியான விடையை இருபது தரம் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால், போன புள்ளி திரும்பி வரும். கல்முனையில் அவரிடம் இரசாயனவியல் படிக்கிற எல்லோருக்கும் இது தெரியும். கை வலிக்கும், அவ்வளவுதான்.

பஸ்னாவுக்கு ஒரு புள்ளி குறைந்திருந்தது. உயர்தரப் பரீட்சைக்கு இன்னும் நான்கு மாதம். இந்தச் சோதனைப் புள்ளிகளின்படி விசேட வகுப்புக்கு அவர் முப்பது பேரைத்தான் எடுப்பார். அந்தப் புள்ளி கிடைத்தால் அவள் முப்பதாவது ஆள். வரிப்பத்தான்சேனையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து ஒன்றரை வருடமாக அவள் வந்தது இந்த இடத்துக்காகத்தான்.

சிவப்பில் வெட்டப்பட்டிருந்தது பதினேழாம் கேள்வி. நீர் கொதிக்கும்போது உடைவது எந்தப் பிணைப்பு? மூலக்கூறுகளுக்கு இடையிலான ஐதரசன் பிணைப்பு என்று அவள் எழுதியிருந்தாள். சேரின் விடைத்தாளில் வேறு இருந்தது: மூலக்கூறுக்குள் உள்ள பங்கீட்டுவலுப் பிணைப்பு.

"நீ என்ன எழுதின?" பக்கத்தில் இருந்த அம்ஹாவிடம் கேட்டாள்.

"சேர்ட விடைய. போன வருசத் தாளிலயும் இதே பிழை இரிக்கி, பாடமாக்கிட்டன். பேசாம எழுதிக் குடு புள்ள. தேஞ்சா போயிருவாய்?"

பஸ்னா எழுந்து நின்றாள்.

"சேர், பதினேழு பிழை."

"ஓம், அதான் வெட்டியிரிக்கன்."

"நான் எழுதினது இல்ல சேர். உங்கட விடை."

சேர் கண்ணாடியைக் கழற்றினார்.

"தண்ணிக்குள்ள இரிக்கிறது பங்கீட்டுவலு. அப்ப கொதிச்சா அதுதானே புள்ள உடையும்?"

"அது உடைஞ்சா ஐதரசனும் ஒட்சிசனும் வரும் சேர், ஆவி வராது. முன்னுக்கு இரிக்கிற தேத்தண்ணிக் கடை எப்பவோ வெடிச்சிரிக்கும்."

"மீராசாஹிபு காக்கா மௌத்து!" என்று கடைக்காரரின் சாவை அறிவித்தது ஆண்கள் பக்கமிருந்து ஒரு குரல். சிரிப்பு எழுந்தது. பஸ்னா சிரிக்கவில்லை.

"ஒரு மூல் தண்ணிய ஆவியாக்க நாப்பத்தொரு கிலோயூல் காணும். அதுட ரெண்டு பிணைப்பையும் உடைக்கத் தொள்ளாயிரத்துக்கு மேல வேணும். அவ்வளவு பலமானத அடுப்பு உடைக்காது சேர். பலமில்லாததுதான் உடையும்."

அவருக்கு விளங்கிவிட்டது. முகத்தில் தெரிந்தது. ஆனால் எண்பது பேர் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எட்டு வருசமா இந்தத் தாள்தான். இதப் படிச்சு எத்தின டொக்டர்மார் வந்திரிக்காங்க தெரியுமா?"

"வந்தவங்க வேற எங்கயாவது திருத்திப் படிச்சிரிப்பாங்க சேர்."

சேர் கண்ணாடியைத் திரும்ப மாட்டினார்.

"இருபது தரம் எழுது. இல்லாட்டி அடுத்த பேர எடுப்பன்."

"எடுங்க."

சேர் பட்டியலைக் குனிந்து பார்த்தார். "அஸ்கி, முன்னுக்கு வா." பின்வரிசையில் ஒருவன் தயங்கித் தயங்கி எழுந்தான்.

பஸ்னா கொப்பியைப் பையில் வைத்தாள். வாசலை அடைந்தபோது சேர் கேட்டார்.

"இனி எங்க போய்ப் படிப்பாய்?"

"புத்தகத்தில."

வெளியே வெயில் ஏறியிருந்தது. அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது உள்ளே அம்ஹாவின் குரல் கேட்டது.

"சேர், பதினேழுக்கு எனக்குத் தந்த புள்ளிய வெட்டுங்க."