எலி கடித்த பக்கிள்

மகளுக்கு முதுகுப்பை வாங்க ஹமீது பாய் கடைக்குப் போனபோது நான் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"செவப்புல இருக்கா?"

"டாக்டிக்கல் பையில செவப்பு வராதும்மா" என்றார் ஹமீது பாய். மேலப்பாளையத்துக்காரர். தாராவியில் பை வியாபாரம் செய்தே தலை நரைத்தவர். "பச்ச இருக்கு, காக்கி இருக்கு, கருப்பு இருக்கு. இது மிலிட்டரிக்காரன் டிசைனு. ஆளு யாரு கண்ணுலயும் படக்கூடாதுன்னுதான் இந்தக் கலரே."

"எங்களுக்குக் கண்ணுல படணும்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கூட வந்திருந்த மாரிக்கண்ணனைப் பார்த்தார். மாரிக்கண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு நான் ஏன் சிவப்பு கேட்கிறேன் என்று தெரியும்.

என் கணவர் வானமாமலை போன வருடத்துக்கு முந்தின மழைக்காலத்தில் கர்ஜத் பக்கம் ஒரு மலையில் விழுந்து செத்துப்போனார். செம்பூரில் லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க அடுத்தவர்களை ஏற்றி இறக்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தன் காலால் எதிலாவது ஏற வேண்டும் என்று ஒரு கிறுக்கு. காலையில் லோக்கல் ரயில் பிடித்துப் போய், சாயங்காலம் சேறும் சகதியுமாக வாசலில் வந்து நிற்பார். கூடப் போகிறவன் மாரிக்கண்ணன். ஒரே கம்பெனி, அடுத்த வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். அங்கே குழந்தை தும்மினால் இங்கேயிருந்து நான் "நூறு" என்பேன்.

அன்றைக்கு மலைமேல் மூட்டமும் மழையும். வழி பார்த்துவிட்டு வருகிறேன் என்று இவர் முன்னால் போயிருக்கிறார், திரும்பி வரவில்லை. மாரிக்கண்ணன் தொண்டை கிழியக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, வேறு வழியாக இறங்கியிருப்பார் என்று கீழே கிராமத்துக்கு வந்துவிட்டான். இருட்டில் மழையில் ஏறக்கூடாது என்று தேடுகிற ஆட்கள் சொல்லிவிட்டார்கள். மறுநாள் புல்லோடு புல்லாகக் கிடந்தவரைப் பக்கத்தில் நடந்துபோனவர்களே முதலில் கவனிக்கவில்லை. அவர் முதுகில் இருந்தது பச்சைப் பை.

"விழுந்த வேகத்துலயே உயிர் போயிருக்கும் மைனி. அண்ணனுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது." மாரிக்கண்ணன் இதைத்தான் சொன்னான். தேடப் போனவர்கள் சொன்னார்கள், வந்தவர் போனவர் எல்லோரும் சொன்னார்கள். இன்னொன்றையும் அவன் சொன்னான். "ராத்திரி பூரா முழிச்சே கெடந்தேன். மலைல ஒரு குருவி விசிலடிச்சிக்கிட்டே இருந்துச்சு மைனி, மனுசன் அடிக்க மாதிரியே. மழக்காலத்துல அந்தக் குருவி அப்படித்தான் பாடும்னு ஊர்க்காரரு சொன்னாரு." அந்தக் குருவி எனக்குப் பிடித்துப்போயிற்று. அவர் பக்கத்தில் அதாவது இருந்திருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. இந்தப் பேச்சை நம்பித்தான் நாங்கள் சோறு தின்றோம், தூங்கினோம். மாரிக்கண்ணன் இதை நம்பித்தான் உயிரோடே இருந்தான். அந்த வருடம் ஒருநாள் அவன் மாஹிம் பக்கம் தண்டவாளத்தோரம் போய் உட்கார்ந்துகொண்டான். அவன் மனைவி அலறிக்கொண்டு வந்து என்னைக் கூட்டிப்போனாள். "அவருக்கு ஒண்ணும் தெரியல தம்பி, விழுந்ததுமே போயிட்டாரு" என்று அவன் எனக்குச் சொன்னதையே அவனுக்குத் திருப்பிச் சொல்லித்தான் எழுப்பிக் கூட்டிவந்தேன்.

நான் அழவில்லை. அழுத்தக்காரி என்று பேசிக்கொண்டார்கள், பேசட்டும். நான் மாட்டுங்காவில் ஒரு பல் டாக்டரிடம் உதவியாளாக இருக்கிறேன். பல் பிடுங்குவதற்கு முன்னால் டாக்டர் மரத்துப்போக ஊசி போடுவார். உதடு இருக்கும், இருக்கிறது என்று தெரியாது. எனக்கு அந்த ஊசி உடம்பு முழுக்கப் போட்டாற்போல இருந்தது. வேலைக்குப் போனேன், வந்தேன், குழம்பு வைத்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது என்று மகள் சொன்னாள்.

அவருடைய பை போலீஸ் ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்ததும் துவைத்துக் காயப்போட்டு ஆணியில் மாட்டினேன். எங்கள் சந்தில் பெரிய மழைக்குத் தண்ணீர் ஏறும். ரேஷன் கார்டு, ஆதார், டார்ச், மெழுகுவர்த்தி, காய்ச்சல் மாத்திரை எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் சுற்றி அதற்குள் வைத்தேன். அவசரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓட நல்ல பை. என்ன, நெஞ்சுக்குக் குறுக்கே போடுகிற பட்டையின் பக்கிளை மட்டும் எலி கடித்து வைத்திருந்தது. ஓரம் முழுக்கப் பல் பதிந்து வெளுத்துப்போயிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் பொறி வைத்து, பெருச்சாளி ஒன்றைப் பிடித்தும்விட்டேன்.

மகள் இசக்கி கல்லூரியில் பேரிடர்க் குழுவில் சேர்ந்துவிட்டாள். மழை வெள்ளம் என்றால், மலையில் யாராவது சிக்கிக்கொண்டால் தேடப் போகிற பிள்ளைகள். கல்லூரியில் அவள் பெயர் இஷா. வருகிற ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்காக மலையேற்றம். அப்பா பையைக் கேட்டாள்.

"எலி கடிச்ச பைய மாட்டிக்கிட்டா போவ? புதுசு வாங்கு" என்றேன். அவளைப் போகாதே என்று சொல்லவும் எனக்குத் தெம்பு இல்லை. பை வாங்க மாரிக்கண்ணன் தானும் வருவேன் என்று நின்றான்.

அவன்தான் பையைத் தேர்ந்தெடுத்தான். லிஃப்ட் கயிறு பார்க்கிற கண். ஒவ்வொரு பையாகக் கவிழ்த்து, தோள்பட்டை உடம்போடு சேருகிற தையலைத்தான் முதலில் பார்த்தான். ஒன்றைக் கதவுக் கொக்கியில் மாட்டி, பட்டையைப் பிடித்துத் தொங்கியே பார்த்தான்.

"கிழிஞ்சா நீருதான் வாங்கணும் ஓய்" என்றார் ஹமீது பாய்.

"கிழியுத பை எதுக்கு?" என்று அதை ஒதுக்கி வைத்தான். இன்னொன்றின் ஜிப் செயின் சிக்கியது, அதுவும் போயிற்று. இடுப்புப் பட்டை இல்லாததை இசக்கியிடம் காட்டி, "பாரம் தோள்ல நிக்கக் கூடாதுட்டி, இடுப்புல எறங்கணும்" என்றான். ஆசாரி மரம் பார்ப்பதுபோல அவன் பை பார்த்துக்கொண்டிருந்தான். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவன் ஒரு காரியத்தில் மனம் வைத்திருப்பதைப் பார்த்தேன்.

கடைசியில் கெட்டித் துணியில் ஒரு பச்சைப் பை தேறியது. முன்பக்கம் வரிவரியாகப் பட்டை, எதை வேண்டுமானாலும் கட்டித் தொங்கவிடலாம். மேலே மூடுகிற மழையுறை ஆரஞ்சு நிறத்தில் தனியாகத் தருகிறேன் என்றார் ஹமீது பாய். ஆரஞ்சு தூரத்திலிருந்தும் தெரியும். சரி என்றேன். இசக்கி பையை மாட்டிக்கொண்டு, "மஸ்த் இருக்கும்மா, சூப்பர்" என்று முன்னும் பின்னும் நடந்து பார்த்தாள்.

"இதுல ஒரு விசயம் இருக்கு, வாங்குத முக்காவாசிப் பேருக்குத் தெரியாது" என்றார் ஹமீது பாய். இசக்கியிடம் பையைக் கழற்றச் சொல்லி, நெஞ்சுப் பட்டையின் பக்கிளை எடுத்து வாயில் வைத்து ஊதினார்.

மெல்லிய, கூர்மையான விசில். சந்தில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு மனிதன் குருவியைப்போல விசிலடித்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"மலைல எங்கயாச்சும் மாட்டிக்கிட்டா, கத்திக் கத்தித் தொண்ட போயிரும். இத ஊதுனாப் போதும். கை ஒடஞ்சு கெடந்தாக்கூட பட்ட வாய்க்கிட்டதான இருக்கு, கடிச்சுப் புடிச்சுக்கிட்டு ஊதலாம்."

எனக்கு ஆணியில் தொங்குகிற பை கண்ணில் வந்தது. வெளுத்துப்போன அந்த ஓரம். நான் தினமும் பல் அளவுக்காக மெழுகில் பதிந்த கடியைக் கையில் எடுத்துப் பார்க்கிறவள். எலி கடித்தால் சுரண்டினாற்போல இருக்கும். அந்த பக்கிளில் இருந்தது மனிதப் பல்லின் மேல்வரிசையும் கீழ்வரிசையும்.

அவருக்குத் தெரிந்திருந்தது. ராத்திரி முழுக்கத் தெரிந்திருந்தது.

மாரிக்கண்ணன் கையிலிருந்த மழையுறை கீழே விழுந்தது. அவன் குனிந்து எடுக்கவில்லை.

"பாய், இந்த விசிலு எல்லாப் பையிலயும் உண்டா?"

"இந்த மாதிரிப் பையில அநேகமா இருக்கும்."

"மைனி." அவன் என் பக்கம் திரும்பினான். "மைனி, அண்ணன் பையில..."

"கெடையாது" என்றேன்.

"நல்லாப் பாத்தியளா?"

"அந்தப் பைய நான்தான தம்பி எடுத்துப் பொழங்குதேன். அதுல சாதா பக்கிளு. இந்த மாதிரி ஓட்டையெல்லாம் ஒண்ணும் கெடையாது."

குரல் நடுங்கவில்லை. மரத்துப்போனதில் அது ஒன்று லாபம். அவன் நம்பவும் இல்லை, நம்பாமலும் இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். தண்டவாளத்தோரம் உட்கார்ந்திருந்த அன்றைக்கு இருந்த அதே முகம்.

அப்போது இசக்கி பேசினாள். பையின் செயினை இழுத்துக்கொண்டிருந்தவள், கையை நிறுத்தாமலே சொன்னாள்.

"ஆமா சித்தப்பா. அப்பா பையில வேற மாதிரி. நான் பாத்திருக்கேன்ல."

மாரிக்கண்ணன் அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தான். ஹமீது பாய் என்ன ஏது என்று கேட்காமல் தண்ணீர் கொடுத்தார். குடித்தான். கொஞ்ச நேரம் கழித்துக் குனிந்து மழையுறையை எடுத்து, அதன் நாடாவை இழுத்துப் பார்த்தான். "இது கெட்டியாத்தான் இருக்கு" என்றான்.

பையை வாங்கிக்கொண்டு நடந்தோம். மாரிக்கண்ணன் பையைத் தானே தோளில் போட்டுக்கொண்டு முன்னால் போனான். கூட்டத்தில் அவனுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு கைவண்டி வந்து நின்றது. இசக்கி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எலி இல்ல, என்னம்மா?"

"இல்ல."

"ஒனக்கு மொதல்லயே தெரியுமா?"

"இப்பத்தான் தெரியும்."

அவள் மூக்கை உறிஞ்சினாள். அழுகிறாளா என்று நான் பார்க்கவில்லை. "அப்ப அந்தக் குருவி?" என்றாள்.

"சித்தப்பாவுக்கு அது குருவிதான். கடைசி வரைக்கும் குருவிதான், கேட்டியா."

"ம்."

"மலைக்குப் போனா ஊது. யாராச்சும் வார வரைக்கும் ஊது. வீட்டுல மட்டும் ஊதாத."

கைவண்டி விலகியது. மாரிக்கண்ணன் முனையில் நின்று எங்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். வேகமாக நடந்து அவனோடு சேர்ந்துகொண்டோம்.

வீட்டுக்கு வந்ததும் இசக்கி குளிக்கப் போனாள். நான் ஆணியிலிருந்து பழைய பையை இறக்கினேன். விளக்கு வெளிச்சத்தில் பக்கிளைத் திருப்பிப் பார்த்தேன். பக்கவாட்டில் சின்னதாக ஒரு வாய். நான் துவைத்தபோது போகாத மண் இன்னும் அதற்குள் இருந்தது. கொண்டை ஊசியால் நோண்டி எடுத்தேன். ஈரம் காய்ந்த சிவப்பு மண். மலை மண்தான், எங்கள் சந்தில் அந்த நிறத்தில் மண் கிடையாது. பொறியில் மாட்டிய பெருச்சாளி ஞாபகம் வந்தது. அது ஒரு பாவமும் செய்யவில்லை.

பக்கிளை வாயில் வைத்தேன். அவர் கடித்த இடத்தில் என் பல் பொருந்தவில்லை. அவருக்கு முன்பல் இரண்டும் அகலம், சிரித்தால் அதுதான் முதலில் தெரியும். கீழ்வரிசை ஆழமாகப் பதிந்திருந்தது. விட்டுவிட்டுக் கடித்திருக்கிறார், ஒரே இடத்தில் இல்லை. தூக்கம் வந்து நழுவ, மறுபடி பிடித்திருப்பார்.

ஊசியின் மரப்பு விடும்போது முதலில் உதட்டில்தான் வலி தெரியும் என்று எங்கள் டாக்டர் நோயாளிகளிடம் சொல்வார். எனக்கு வலித்தது. இத்தனை நாள் கழித்து, வாயில் ஒரு பிளாஸ்டிக் துண்டோடு, எனக்கு அவர்மேல் அவ்வளவு ஆசையாக இருந்தது. ஒருமுறை ஊத வேண்டும், நான் கேட்டுவிட்டேன் என்று அவருக்குச் சொல்வதுபோல ஒரே ஒருமுறை ஊத வேண்டும் என்று மூச்சை இழுத்தேன்.

தகரத்துக்கு அந்தப் பக்கம் மாரிக்கண்ணன் சாப்பிட உட்கார்ந்திருந்தான். "பை நல்ல பையிட்டி, தையல் எல்லாம் ரெட்டத் தையல்" என்று மனைவியிடம் சொன்னது காதில் விழுந்தது. பிறகு இன்னொரு தோசை கேட்டான்.

இழுத்த மூச்சை மூக்கு வழியாக, சத்தம் வராமல் விட்டேன்.