பெரிய வெள்ளிக்குப் பூ

வஜீஹ் அண்ணன் மருந்துத் தெளிப்பானில் தண்ணீர் ஊற்றும் சத்தம் சமையலறை வரை கேட்டது. உயிர்ப்பு ஞாயிறன்று பெய்ரூட்டிலிருந்து நுஹாத் அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள். அதற்குள் தோட்டத்தில் ஒரு களைகூட இருக்கக் கூடாது என்பது அவன் கட்டளை.

களை என்று அவன் சொன்னது ஹிந்த்பேயை. பள்ளிப் புத்தகத்தில் அதற்கு டேன்டிலியன் என்று பெயர். பள்ளியை விட்ட பிறகும் அந்தப் படம் மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. தவக்காலம் முழுக்க அதன் கீரையைத்தான் வறுத்த வெங்காயம் தூவிச் சாப்பிட்டோம். கிள்ளியது போக மிஞ்சியதெல்லாம் பூத்து, ஆப்பிள் மரங்களுக்கடியில் தரையே மஞ்சளாக இருந்தது. பாதாம் பூவை ஆலங்கட்டி மழை உதிர்த்துவிட்டது. ஆப்பிள் இன்னும் மொட்டு. குளிரைத் தாண்டிப் பிழைத்த என் ஒரே தேன்கூட்டுக்கு இந்த மஞ்சளை விட்டால் வேறு இரை இல்லை. காலையில் தேனீப் பெட்டியைப் பின்பக்கமாகத் தூக்கிப் பார்த்தேன். காலிப் பெட்டி போல லேசாக இருந்தது. சேர்த்து வைத்த தேனெல்லாம் தீர்ந்துவிட்டது.

அண்ணன் தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். நான் குறுக்கே நின்றேன்.

"என்ன ஊமைக்கோட்டான், வழியில நிக்கிற? தள்ளு."

"அடிக்காதண்ணே. அந்தப் பூவை... ஆண்டவர் பாடைக்குத் தரதா கோவில்ல சொல்லிட்டேன்."

அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. பெரிய வெள்ளியன்று ஆண்டவரின் பாடையைக் காட்டுப் பூக்களால் மூடுவது எங்கள் வழக்கம். அதற்கென்று நேர்ந்த பூவில் விஷம் அடிக்க யாருக்குக் கை வரும்? அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டு தெளிப்பானை இறக்கி வைத்தான்.

"முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன, கழுதை? பாவம் என் தலையிலல்ல விழுந்திருக்கும்!"

அன்று சாயங்காலம் பாதிரியாரைப் பார்த்துவிட்டுக் கோவிலிலிருந்து பெருமையாகத் திரும்பினான். "அபூனாகிட்டயும் சொல்லிட்டேன். நாளைக்குப் பிள்ளைங்க வருவாங்க."

வெள்ளி காலை வெயில் ஏறும்போது கூடைகளோடு வந்துவிட்டார்கள். முன்னால் பக்கத்து வீட்டு ஜோர்ஜெத் மாமி.

"எங்கடி பூவெல்லாம்? உங்க அண்ணன் கோவில் பூரா தம்பட்டம் அடிச்சிட்டான். ஒண்ணு விடாம பறிச்சுக்கலாமாமே!"

"மாமி, இது பறிச்சா மூடிக்கும். பாடை மேல பச்சையாத்தான் தெரியும்."

"மூடிக்கட்டுமே! ஆண்டவரும்தான் கண்ணை மூடியிருக்காரு. நகருடி."

பிள்ளைகள் மண்டியிட்டார்கள். ஒவ்வொரு காம்பும் ஒடியும் சத்தம் எனக்குத் தனித்தனியாகக் கேட்டது. ஒரு சின்னப் பெண் பறித்த பூவுக்குள் தேனீ இருந்தது. அவள் உதறவில்லை, கையை நீட்டியபடி அப்படியே உறைந்து போனாள்.

"அக்கா, இதை என்ன பண்றது?"

"கூடையில போடாதே," என்றேன். குரல் உரக்க வந்துவிட்டது. "யாரும் இனிப் பறிக்காதீங்க. தேனீக்கு வேற இரை இல்ல."

ஜோர்ஜெத் மாமி நிமிர்ந்தாள். வாசலில் நின்ற அண்ணன் என்னை நோக்கி நடந்து வரத் தொடங்கினான். பிள்ளைகளின் கைகள் பூக்களின் மேல் அந்தரத்தில் நின்றன. கால்களில் மகரந்தம் உருண்டையாகத் திரண்டிருந்த தேனீ எழும்பி, பாரம் தாங்காமல் தாழ்ந்து, மறுபடி எழும்பியது.