டெல்மர் ஷூல்ட்ஸின் வலது தோள்

அந்த வருடம் பெரிய வெள்ளியன்று டெல்மர் ஷூல்ட்ஸின் வலது தோளில் ஒட்டிக்கொண்ட சிலுவை, நூற்று எழுபத்துநான்கு நாளும் மூன்று மணி நேரமும் கழிந்த பிறகும் அங்கேயேதான் இருந்தது. நெப்ராஸ்காவின் சோள வயல்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் கின்ஸ்லோவில் ஆறு சபைகள் உண்டு. ஆறு போதகர்களும் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்திருந்தார்கள். மாதத்தின் இரண்டாவது செவ்வாய் காலை ஏழு மணிக்கு லுத்தரன் சபைக் கூடத்தில் கூடி ஒரு பாட்டுப் பாடி, ஜெபித்து, முட்டையும் பன்றி இறைச்சியும் சாப்பிட்டு, காப்பி ஆறுவதற்குள் ஊர்க் காரியங்களைப் பேசி முடிப்பார்கள். ஏழைகளுக்குக் குளிர்காலக் கோட்டு, உணவுப் பெட்டி, பெரிய வெள்ளிச் சிலுவை நடை எல்லாம் அவர்கள் பொறுப்பு. நடையில் ஒவ்வொரு போதகரும் தன் சபையிலிருந்து அடுத்த சபை வரை சுமப்பார். லுத்தரன் சபைக்கும் கத்தோலிக்கக் கோயிலுக்கும் இடையில் மட்டும் ரயில் பாதையும் ஒரு மேடும் இருந்ததால், அந்தத் தூரத்துக்கு வெளியாள் ஒருவரைப் பிடிப்பது வழக்கம். டெல்மருக்கு ஐம்பத்தெட்டு வயது. தானியக் கிடங்கில் வேலை. எதற்கும் முடியாது என்று சொல்லிப் பழகாதவர். கோயில் வாசலில் சிலுவையை இறக்கி வைக்கக் குனிந்தார். அது இறங்கவில்லை.

அன்று மாலைக்குள் செய்ய வேண்டியதெல்லாம் செய்து பார்த்தார்கள். எட்டுப் பேர் கையால் இழுத்தார்கள். கிடங்கின் பளுதூக்கியில் கட்டித் தூக்கினார்கள். டெல்மரும் கூடவே மேலே போய்த் தொப்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். சங்கிலி ரம்பத்தால் அறுத்தார்கள். மரம் அறுந்தது, ஆனால் அறுபட்ட துண்டு கீழே விழாமல் தன் இடத்திலேயே நின்றது; அரை மணி நேரத்தில் வெட்டு மூடிக்கொண்டது. லாரிகளை நிறுக்கும் தராசில் அவரை நிற்கவைத்தபோது நூற்றுத் தொண்ணூறு பவுண்டு காட்டியது. அது டெல்மரின் எடை. சிலுவைக்கு எடையே இல்லை என்றது தராசு. அவர் தோளோ கறுத்து வீங்கியிருந்தது.

“என்ன டெல்மர், பரலோகத்துக்கு ஏணியும் கையுமா கிளம்பிட்டியா?” என்றான் கூட வேலை பார்த்த ரஸ்.

“உனக்கும் ஒரு படி விட்டு வைக்கிறேன்டா” என்றார் டெல்மர். வலிக்கிறதா என்று கேட்டவர்களிடம், “பரவாயில்ல, குறை ஒண்ணும் இல்ல” என்றார். எங்கள் ஊரில் எல்லாரும் சொல்வது அதுதான். கேட்டவர்களும் அதை நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

ஏப்ரல் கூட்டத்தில் டெல்மர் விஷயம் கோட்டுகளுக்கும் உணவுப் பெட்டிகளுக்கும் அடுத்து மூன்றாவதாக வந்தது. அவரையும் அழைத்திருந்தார்கள். வாசலுக்குள் சிலுவை நுழையாததால் அவர் வெளியே நின்றார்; முட்டைத் தட்டை ஜன்னல் வழியாக நீட்டினார்கள். அன்றைய கூட்டத்துக்குப் பின், பாதுகாப்பு காரணமாக யாரும் சிலுவைக்கு அடியில் போகக் கூடாது என்று ஆறு சபைகளிலும் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டது. மற்றபடி கூட்டமைப்பு எதிலும் குறை வைக்கவில்லை. சிலுவையின் கால்முனைக்கு ஒரு சக்கரம் பொருத்தினார்கள். டெல்மர் படுக்க வசதியாக அவர் வீட்டுச் சுவரில் ஓட்டை போட்டு, சிலுவையின் நீண்ட பாதி தோட்டத்துக்குள் நீட்டிக்கொள்ளும்படி செய்தார்கள். அதில் குருவிகள் உட்கார்ந்தன. பெண்கள் தோளுக்குக் கம்பளித் திண்டு பின்னினார்கள், திருநாட்களின் நிறப்படி வெள்ளை, சிவப்பு, பச்சை என்று. ஞாயிறுகளில் டெல்மர் எந்தச் சபை வாசலில் நின்றாரோ அங்கே கூட்டம் சேர்ந்தது. யாருக்கு எந்த ஞாயிறு என்பதில் மெதடிஸ்ட் போதகர் நோரீனுக்கும் கத்தோலிக்கப் பாதர் கிளெட்டஸுக்கும் மனத்தாங்கல் வந்தது. “போன வாரமும் உங்ககிட்டதான் இருந்தார் பாதர்” என்று நோரீன் முகம் சிவந்தார். லுத்தரன் போதகர் ஹால்வர்சன் ஒரு பட்டியல் போட்டு அதைத் தீர்த்துவைத்தார். ஜூனில் பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஜூலையில் அவர்களுக்கும் பழகிப்போயிற்று.

ஆகஸ்டில் டெல்மரின் மனைவி ஆர்டித்துக்குக் கணையத்தில் கட்டி என்று தெரிந்தது. நாற்பது மைல் தள்ளி இருந்த மருத்துவமனையில் மூன்றாவது மாடியில் படுக்கை கொடுத்தார்கள். சிலுவை லிஃப்டில் நுழையவில்லை; மாடிப்படித் திருப்பத்திலும் வளையவில்லை. முதல் வாரம் ஆர்டித்தைச் சக்கர நாற்காலியில் கீழே கொண்டுவந்தார்கள். பிறகு அதற்கும் அவளால் முடியவில்லை. ரஸ் தன் பிக்கப் வண்டியின் பின்னால் டெல்மரை நிறுத்தி தினமும் கூட்டிப் போவான். அவர் வண்டிகள் நிறுத்துமிடத்தில் நின்று மேலே பார்ப்பார். ஆர்டித் துண்டை ஆட்டுவாள். நோயாளிகளைப் போய்ப் பார்ப்பது போதகர்களின் கடமை என்பதால் ஆறு பேரும் முறை வைத்து மாடியேறினார்கள். டெல்மரின் வார்த்தையை மேலே கொண்டுபோனார்கள், ஆர்டித்தின் வார்த்தையைக் கீழே கொண்டுவந்தார்கள். தக்காளி காய்த்திருக்கிறது என்ற செய்தி பாப்டிஸ்ட் போதகர் கையில் இரண்டு வேத வசனங்களாக மாறி மேலே போய்ச் சேர்ந்தது. “அந்த நீலச் சட்டையப் போட வேண்டாம்னு சொல்லுங்க, காலர் கிழிஞ்சு தொங்குது” என்று ஆர்டித் சொன்னதை நோரீன் மறந்துவிட்டார். டெல்மர் தினமும் நீலச் சட்டையோடுதான் நின்றார்.

“ஒரே ஒரு மணி நேரம் யாராச்சும் அதைத் தாங்கிக்க முடியாதா பாஸ்டர்? அவர் மேல வந்துட்டுப் போயிடுவாரே” என்று ஆர்டித் ஒவ்வொருவரிடமும் கேட்டாள்.

“நாங்க ஆறு பேரும் ஜெபிக்கிறோம்மா” என்றார் ஹால்வர்சன்.

“ஆறு பேருக்குப் பன்னிரண்டு தோள் இருக்கு.”

ஹால்வர்சன் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

நூற்று எழுபத்தோராவது நாள் மாலை நாலு மணிக்கு ஹால்வர்சனின் முறை. ஜன்னல் திரையை விலக்கச் சொன்னாள் ஆர்டித். சங்கீதத்தைப் படித்து முடித்துவிட்டு விலக்கலாம் என்று இருந்தார் அவர். முடித்தபோது அவள் போயிருந்தாள். கீழே டெல்மர் இன்னும் பத்து நிமிடம் ஜன்னலைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் அடக்கம். ஆறு போதகர்களும் அங்கி அணிந்து முன்னால் நடந்தார்கள். பெட்டிக்குப் பின்னால் சக்கரம் கிரீச்சிட டெல்மர் நடந்ததைப் பார்த்து ஊரே அழுதது. இதைப் போல ஓர் அடக்கத்தைத் தான் பார்த்ததே இல்லை என்றார் பாதர் கிளெட்டஸ். சாப்பாடு கூடத்துக்குள் நடந்தது. டெல்மர் முற்றத்தில் நின்றார். ஹால்வர்சன் பன்றித்தொடை இறைச்சியும் உருளைக்கிழங்கும் பச்சை ஜெல்லியும் வைத்த தட்டோடு அவரிடம் வந்தார். மற்ற ஐவரும் காப்பிக் கோப்பைகளோடு பின்னாலேயே வந்து நின்றார்கள்.

“எங்களால ஆனது எல்லாம் செஞ்சோம் டெல்மர்.”

டெல்மர் இறைச்சியை மென்று விழுங்கினார்.

“அன்னிக்கு ரயில் பாதையில எனக்குக் கால் தடுக்கினப்போ நீங்க அடியில தோள் குடுத்தீங்க பாஸ்டர். அது என்னை விட்டு உங்க மேல ஏற ஆரம்பிச்சுது. நீங்க துள்ளி விலகினீங்க. அப்பதான் இது என்கிட்டயே ஒட்டிக்கிச்சு.”

நோரீன் கோப்பைக்குள் பார்த்தார்.

“ஏப்ரல் கூட்டத்துல இவங்ககிட்ட அதைச் சொன்னீங்க. ஜன்னல் திறந்துதான் இருந்தது. யார் தோள் குடுத்தாலும் இது அவங்க மேல போயிடும்னு உங்க ஆறு பேருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆர்டித்துக்கு மட்டும் தெரியாது. நான் சொல்லல. சொல்லியிருந்தா அவ தன் தோள்ல வாங்கியிருப்பா.”